அம்மா அறையின் குறைகள்

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நாள் முழுக்க நின்றது போதாதென்று வீட்டுக்கு வந்தால் மூன்று மாடி ஏற வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கீரைக்கட்டு. எவ்வளவு நேரமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "இப்பத்தான். சும்மா காத்து வாங்கலாம்னு உக்காந்தேன்" என்றாள். அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. முட்டி வலிக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

கட்டிடத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். ஜூலை முடிவதற்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். நல்லவேளை, நகரத்துக்கு வெளியே பாங் புவா தோங்கில் எங்கள் வீடு கட்டி முடித்தாகிவிட்டது. வங்கியும் கடன் தருகிறேன் என்றுவிட்டது. இனி போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டியதுதான். சிறிய மாடி வீடு, வரிசையில் கடைசி. ஆனால் கீழேயே ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. அந்த அறைக்காகத்தான் அந்த வீட்டையே எடுத்தேன். அம்மா இனிமேல் ஒரு படிகூட ஏறக் கூடாது.

கோயிலில் பெரிய பிக்கு நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஜூலை 3, வியாழன், காலையில். பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்குமுன் குடிபுகுந்துவிட வேண்டும் என்கிறாள் அம்மா. எனக்கு எந்த நாளானாலும் ஒன்றுதான். கால் நீட்ட ஓர் இடம் கிடைத்தால் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டைச் சோதித்துப் பார்க்க ஆள் வைக்கப்போகிறேன் என்றேன். அம்மா சண்டை போடமாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி ஊறவைக்கப் போய்விடுவாள். போனாள்.

மருந்தகத்தில் என் பக்கத்து ஜன்னல்காரி போன வருடம் யாரையும் வைத்துப் பார்க்காமல் தன் புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். முதல் மழைக்கே படுக்கை மேல் ஒழுகியது. இன்னும் வீடு கட்டிய கம்பெனிக்கு ஃபோன் செய்துகொண்டிருக்கிறாள், அவர்களும் இன்னும் 'நாளைக்கு வர்றோம் அக்கா' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன்.

"கட்டினவங்க கண்ணு முன்னாடியே இன்னொருத்தரக் கூட்டிட்டு வந்து குத்தம் கண்டுபிடிக்கச் சொல்றதா? அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"என்ன வேணா படட்டும்மா. ரிட்டயர் ஆகுற வரைக்கும் கடன் கட்டப்போறது நான்."

"சின்னச் சின்னக் குறைதான இருக்கும். பரவாயில்லடி, அனுசரிச்சுக்கலாம்."

பரவாயில்லை. அம்மா இந்த ஒரு வார்த்தையிலேயே எழுபது வயது வரை வந்துவிட்டாள். அப்பா வேறு ஒருத்தியோடு போனபோதும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இதையேதான் சொன்னாள்.

ஆள் வைத்துவிட்டேன். சனிக்கிழமை வருகிறார்கள்.

ஜூன் 14, சனி

கையெழுத்துக்கூட நேராக வரவில்லை, அவ்வளவு களைப்பு. எழுதாமல் படுத்தால் மறந்துவிடும்.

சோதனை செய்ய வந்தது ஒரு பெண். சிரின்யா என்று பெயர், என்னைவிடச் சின்னவள், முட்டியில் உறை, இடுப்பில் டார்ச். கூட ஏணியோடு ஓர் ஆள். வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். நிறைய குறை வரும். அரண்மனையா இருந்தாலும் வரும். எண்ணிக்கையப் பாத்து அழக் கூடாது. சிலது ஆளக் கொல்லும், சிலது வீட்டக் கொல்லும், மிச்சமெல்லாம் கண்ண உறுத்தும், அவ்வளவுதான். எது எதுன்னு நான் பிரிச்சுத் தர்றேன்."

பிறகு வேலையில் இறங்கினாள். நான் என்னமோ வந்து சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தரைக்கல்லையும் கம்பியால் தட்டுகிறாள். உள்ளே சிமென்ட் நிறையாத கல் தனியாகச் சத்தம் போடுகிறது, கொஞ்ச நேரத்தில் எனக்கே காது பழகிவிட்டது. குறை கண்ட இடத்திலெல்லாம் எண் எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர். மாடிக் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, தண்ணீர் தேக்கிவிட்டு, கீழே வந்து கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஏணிக்காரர் கூரை ஓட்டுக்கு அடியில் ஊர்ந்து போய், முகமெல்லாம் கரியாக இறங்கி வந்தார். வாசல் சாக்கடை மூடியைத் திறந்தால் உள்ளே பாதி சிமென்ட் மூட்டை. கழிவறைக் கோப்பையில் ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டுத் தண்ணீர் விட்டாள், இழுக்கிறதா என்று பார்க்க.

அம்மா பதறிவிட்டாள். "ரொட்டிய ஏம்மா அதுல போடுற? தின்ற பொருளாச்சே!"

"பூத்துப்போன ரொட்டி பெரியம்மா. நீங்க தின்னா நீங்க இதுலதான் உக்காந்திருக்கணும்."

அம்மாகூடச் சிரித்தாள். ஆனால் உள்ளே நிற்க மனம் வரவில்லை, வாசலுக்குப் போய்விட்டாள்.

வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். தோங்சுக். ஐம்பது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் மஞ்சள் பெருகுவதைப் பார்த்தபடி. அம்மா தண்ணீர் கொடுத்திருக்கிறாள். பேச்சுக் கொடுத்தால் அவரும் வடகிழக்கில் ரோய் எட் பக்கம், அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். பிறகென்ன, எங்களூர்ப் பேச்சு ஓட ஆரம்பித்தது. நான் எட்டிப் பார்த்தபோது அவர் 'தம்பி' ஆகியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சிரின்யா கீழ்க் குளியலறைக்கு என்னைக் கூப்பிட்டாள். வீட்டோடு சலுகையாகக் கொடுத்த வெந்நீர் ஹீட்டர். மூடியைக் கழற்றியிருந்தாள். பச்சை எர்த் ஒயர் எதிலும் கட்டப்படாமல் மடித்து டேப் சுற்றிக் கிடந்தது.

"கரன்ட் கசிஞ்சா இது வழியாத்தான் மண்ணுக்குப் போகணும். இது போகாது. குளிக்கிறவங்க வழியாப் போகும். நான் சொன்னனே ஆளக் கொல்ற ரகம், அது இதுதான். மத்தது எது விட்டாலும் இத விட்டுடாதீங்க."

அம்மாவின் குளியலறை அது.

வரும் வழியில் வண்டியில் அம்மா சொன்னாள்: "பாவம் அந்தத் தம்பி. அவன் கட்டின வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆக்கிட்டாங்க."

ஜூன் 15, ஞாயிறு

தூங்கினேன். அம்மா சாப்பிடக்கூட எழுப்பவில்லை.

ஜூன் 18, புதன்

அறிக்கை வந்தது. கைப்பேசியில் தள்ளத் தள்ளப் படமாக வருகிறது. முழுக்கப் படிக்கத் தெம்பில்லை. ஹீட்டரை மட்டும் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

விற்பனைப் பெண் நாம்போன் உடனே கூப்பிட்டாள். அவள் குரல் எப்போதும் தேனில் ஊறவைத்த குரல். "அக்கா, ஒண்ணும் கவலப்படாதீங்க. எங்க மேஸ்திரி ஸ்டிக்கர் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா முடிச்சிடுவாரு. அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டு வச்சிட்டா எல்லாருக்கும் சௌகரியம்."

சிரின்யாவிடம் கேட்டேன். "கையெழுத்துக்கு முன்னாடி நீங்க சொல்றத அவங்க கேப்பாங்க. அதுக்கப்புறம் அவங்க ஃபோன் எடுப்பாங்களான்னு நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்க. எது வேணும்?" என்றாள்.

நாம்போனிடம் முடியாது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. முடியாது என்று நேராகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு வருகிறேன் என்றேன். நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கா?

ஜூன் 22, ஞாயிறு

நிலத்துக் காவல் தெய்வத்திடம் ஊதுபத்தி வைத்துச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். சொல்லாமல் குடியேறினால் மரியாதை இல்லையாம். கூடவே சுட்ட கோழி, ஒட்டரிசிச் சோறு, பப்பாளிச் சாலட் – தெய்வத்துக்குக் கொஞ்சம், தோங்சுக்குக்கும் ஆட்களுக்கும் நிறைய.

நாம்போன் என்னைக் கையோடு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திரைச்சீலைக்குத் துணி பார்க்கச் சொன்னாள். ஏசியில் உட்கார்ந்ததும் எழ மனம் வரவில்லை. "நீ போ, நான் என் ரூம்ல உக்காந்திருக்கேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

திரும்பி வந்தபோது கவிழ்த்த பெயின்ட் வாளியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "இங்க காத்து நல்லா வருதுடி" என்றாள். தோங்சுக் கதவோரம் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். சாப்பாடு வாங்கிச் சாப்பிட்ட கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அறையில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. வயதானவர் அறை என்று முதல் வேலையாக இதை முடித்துவிட்டார் போலிருக்கிறது. நன்றி சொன்னேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூன் 27, வெள்ளி

நாம்போன்: "எல்லாம் முடிஞ்சுது அக்கா! நூத்துக்கு நூறு!" திங்கட்கிழமை மறுசோதனை. லீவு கேட்டதற்கு மருந்தகத் தலைவி முகம் சுளித்தாள்.

ஜூன் 30, திங்கள்

அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். மாடி நன்றாக இருந்தது. என் அறைத் தரை, ஜன்னல், கூரை எல்லாம் சரி. சாக்கடை சுத்தம். சிரின்யாவே ஆச்சரியப்பட்டாள், இந்த மேஸ்திரி மனசு வச்சு வேலை செஞ்சிருக்காரு என்றாள்.

பிறகு அம்மாவின் அறைக்குப் போனோம். கம்பியால் தட்டினாள். அதே வெற்றுச் சத்தம். ஜன்னல் கொக்கி அப்படியே. குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் ஓட்டைக்குப் போகாமல் கோப்பையைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. ஹீட்டர் மூடியைக் கழற்றினாள். பச்சை ஒயர். மடித்து. டேப் சுற்றி.

"இந்த ரூம்ல கையே வைக்கலியே" என்றாள் மெதுவாக.

எனக்குத் தலைக்கு ஏறியது. தோங்சுக்கைக் கூப்பிட்டேன். அவருடைய ஆட்களும் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"முடிச்சாச்சுன்னு சொன்னது யாரு? இது என்னது?"

"அக்கா... ஸ்டிக்கர் இருந்த இடத்துல எல்லாம் செஞ்சேன்."

"அப்ப இங்க ஒட்டினது எங்க போச்சு? காத்துல பறந்துடுச்சா?"

தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிழவி இருக்கப்போற ரூம்தான, யாரு கேக்கப்போறான்னு உரிச்சுப் போட்டுட்டீங்க. அவ குடுத்த சோறு இன்னும் வயித்துலதான் இருக்கு. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

எங்கள் ஊரில் ஒருவரிடம் நாலு பேர் முன்னால் இப்படிப் பேசக் கூடாது. பேசினேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது எனக்கு.

நாம்போன் ஓடி வந்தாள். "அக்கா, வியாழக்கிழமை நல்ல நாளு... கையெழுத்துப் போட்டுட்டா அன்னைக்கே..." போடமாட்டேன் என்றேன். இந்தத் தடவை நேராகச் சொல்ல வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன், மேஸ்திரி பெயரோடு. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னார், உயிருக்கு ஆபத்தான குறையை மறைத்தார் என்று. மதியமே பதில். வருந்துகிறோம், அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நியாயம்தானே? நியாயம்தான்.

அம்மாவிடம் வியாழன் குடிபுக முடியாது என்று மட்டும் சொன்னேன். உன் அறையில் வேலை பாக்கி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். நாள் தவறிய வருத்தம் என்று நினைத்தேன்.

ஜூலை 2, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டும்போது அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"தோங்சுக் ஃபோன் எடுக்க மாட்டேங்கறான். அவன ஏதாவது சொன்னியா?"

சொன்னேன். புகாரையும் சொன்னேன், எடுத்துவிட்டார்கள் என்பதையும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பொய் சொல்லலடி. அத உரிச்சது நான்."

எது என்றேன். புரியவே இல்லை.

"ஸ்டிக்கர. என் ரூம்ல இருந்தத. வெயில்ல அந்தப் பசங்க எவ்வளவு வேலதான் செய்வாங்க? மாடியில நீ இருக்கப்போற, அது நல்லா இருக்கணும். எனக்கென்ன, நான் இன்னும் எத்தன வருஷம்? எனக்கு இதுவே பரவாயில்லன்னு எடுத்துட்டேன். அவன் பாத்துட்டான். வேணாம் பெரியம்மான்னான். நான்தான், யார்ட்டயும் சொல்லாத தம்பின்னு கெஞ்சினேன்."

"ஹீட்டர்ல இருந்ததையுமா?"

"நான் பச்சத் தண்ணியிலதான குளிக்கிறேன்."

இதற்குப் பிறகு நான் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன். பின்னால் நான் இப்படிப் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

"மழைக்காலத்துல ஒரு நாள் முட்டி தாங்காம அந்த ஹீட்டர் பட்டன அழுத்துவ. அப்ப நான் ஜன்னல்ல நின்னு எவளுக்கோ மாத்திர எண்ணிக்கிட்டு இருப்பேன். சாயங்காலம் வந்து கதவத் தொறந்தா நீ ஈரத் தரையில கிடப்ப. நான் யாருக்காக அந்த வீட்ட வாங்கினேன்? எனக்கு எதுக்கும்மா மாடி வீடு? நீ வேணாம் வேணாம்னு சொல்றியே, அது ஒண்ணும் தியாகம் இல்ல. நீ கேக்காததையெல்லாம் நான் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. படிக்கட்டுல உக்காந்துக்கிட்டு காத்து வாங்கறேங்கற! எனக்கு அலுத்துப்போச்சும்மா. அலுத்துப்போச்சு."

அம்மா அழவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஏற்கெனவே கழுவிய தட்டுகளைக் கழுவினாள். நான்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன். ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்தார், நான் வேறு ஆள் மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். விழுங்கவில்லை. கடவுளே.

ஜூலை 3, வியாழன்

நல்ல நாள். பாதி லீவு போட்டுவிட்டுப் புது வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மாவும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

தோங்சுக் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கைகூப்பினேன். "அண்ணே, நேத்துத்தான் தெரிஞ்சுது. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிடுங்க."

"விடுங்க. அம்மாவுக்காகக் கேட்டீங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா முன்னால் வந்தாள். "என்னாலதான் தம்பி உனக்கு..."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. என்மீது வராத கோபம்.

"பெரியம்மா, கோழி குடுத்தீங்க, தின்னேன். நம்ம ஊரு மனுஷின்னு சந்தோஷப்பட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க எனக்கு நல்லது பண்ணல. அந்த ஹீட்டர்ல உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா போலீஸ் தேடுறது என்னத்தான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரோய் எட் போவேன்? வேல சரியில்லயா, சரியில்லன்னு சொல்லுங்க. திட்டுங்க. திட்டு வாங்கித்தான் இத்தன வருஷம் வேல பாக்கறேன், அது எனக்கு உறைக்காது. இந்த இரக்கம்தான் உறைக்குது."

சாமான்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டே, "நானும் வாயத் தொறந்திருக்கணும். உரிச்ச இடத்துல என்ன குறைன்னு போய்ப் பாத்திருக்கணும். நீங்க கெஞ்சினீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அம்மா எதற்குமே தலைகுனிந்து நான் பார்த்ததில்லை, சிரித்தே சமாளிப்பாள். இன்று தலைகுனிந்து நின்றாள்.

நான் அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். ஸ்டிக்கரை எடுத்தது எங்கள் வீட்டு ஆள்தான் என்றேன். நாம்போன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்க பக்கம் தப்பே இல்லியே அக்கா! இன்னைக்கே கையெழுத்த..."

"எர்த் இல்லாம ஹீட்டர் மாட்டினது உங்க பக்கம்தான். ஸ்டிக்கர் இருந்தாலும் இல்லாட்டியும். அறிக்கையில இருக்கு, நீங்க படிக்கல. அந்த மேஸ்திரியே வந்து சரி பண்ணணும். அவர எடுத்தீங்கன்னா நான் கையெழுத்தே போடமாட்டேன்."

மேலாளரிடம் பேச வேண்டும், தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று இழுத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை என்பதும் உண்மை. கடைசியில் சரி என்றார்கள். வெளியே வந்தபோது நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. அம்மா கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அம்மா என்னோடு பேசுவதில்லை. நானும்.

ஜூலை 7, திங்கள்

மீன் வறுத்து வைத்திருந்தாள். வால் பகுதியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்தாள். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

ஜூலை 12, சனி

மூன்றாவது சோதனை. சிரின்யா, தோங்சுக், நான், அம்மா.

தரைக்கல் எல்லாம் மாற்றியாகிவிட்டது. தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடுகிறது. ஹீட்டரில் பச்சை ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சிரின்யா மீட்டர் வைத்துப் பார்த்தாள், பிறகு இன்னொரு முறை பார்த்தாள். "இப்ப இது கொல்லாது" என்றாள். நான் கதவோரம் சாய்ந்துகொண்டேன்.

கிளம்பலாம் என்று பார்த்தால் சிரின்யா அம்மாவைக் கூப்பிட்டாள். "பெரியம்மா, குளிக்க நிக்கிற மாதிரி இங்க நில்லுங்க. அந்த ஷவர் எட்டுதா?"

அம்மா கையை நீட்டினாள். விரல் நுனி குழாயில் பட்டும் படாமலும் நின்றது. "எட்டு..." என்று ஆரம்பித்தாள். தோங்சுக்கைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சோப்புத்தட்டைப் பார்த்தேன்.

யாரும் உதவிக்கு வரவில்லை.

"எட்டல" என்றாள் அம்மா. பிறகு, ரொம்ப மெதுவாக, "கொஞ்சம் கீழ இருந்தா நல்லா இருக்கும்."

"எவ்வளவு கீழ?" என்றார் தோங்சுக், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"இவ்வளவு." நெஞ்சுக்கு நேராகக் காட்டினாள். "அப்புறம் தம்பி... உக்கார்ற எடத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. முட்டி வலிக்குது எனக்கு."

முட்டி வலிக்குது எனக்கு. இதை அம்மா வாயால் கேட்க இத்தனை வருடமும் ஒரு மேஸ்திரியும் தேவைப்பட்டிருக்கிறது. எனக்குச் சொல்லாததை அவரிடம் சொல்கிறாளே என்று ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. வண்டியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். நிலப்பதிவு அலுவலகத்தில் கூட்டம். என் பேனா எழுதவில்லை, நாம்போனுடையதை வாங்கினேன். இப்போது வீடு எங்களுடையது, கடனும்தான்.

ஜூலை 26, சனி

சாமான் வண்டி சனிக்கிழமைதான் கிடைத்தது. சனிக்கிழமை புது வீட்டுக்குள் போவதா என்று அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். நேற்று வேலையிலிருந்து வந்தால், புத்தர் சிலையையும் ஒரு பை அரிசியையும் மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். டாக்சி பிடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

"வெள்ளிக்கிழமையே குடி வந்தாச்சு. இன்னைக்கு வர்றது வெறும் சாமான்" என்று வண்டிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியைத் தலையில் வைத்துக்கொண்டு சரிம்மா சரிம்மா என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ராணியம்மா பிறந்தநாள், அன்னையர் தினம். விடுமுறை. காலையில் சந்தையில் மல்லிகை மாலை வாங்கி வந்து, காலில் விழுந்து கொடுத்தேன். தலையில் கை வைத்தாள். வேறு ஏதாவது வேணுமாம்மா என்றேன். எல்லா வருடமும் கேட்பது. ஒண்ணும் வேணாம் என்பதுதான் எல்லா வருடமும் பதில், அதற்குள் நான் பாதி எழுந்தும்விட்டேன்.

"உன் மெத்தையக் குடு" என்றாள்.

"என்னது?"

"என்னுது ஒத்துக்கல. உன்னுது மேல படுத்துப் பாத்தேன், நல்லா இருக்கு."

"படுத்துப் பாத்தியா? மாடி ஏறினியா நீ?"

"ஒரே ஒரு தடவ. நீ வேலைக்குப் போயிருந்தப்ப. கத்தாத, பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். குடுப்பியா மாட்டியா?"

என் மெத்தையைக் கீழே இழுத்து வந்து போட்டேன். அவளுடையதை மேலே தள்ளிக்கொண்டு போனேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு உயிர் போயிற்று. அம்மா கீழேயிருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதில்தான் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பழைய இலவம் பஞ்சு மெத்தை. நடுவில் பள்ளம், அம்மா சுருண்டு படுக்கும் அளவுக்கு. பள்ளத்தில் பலகை முதுகில் இடிக்கிறது, இரண்டு பக்கமும் பஞ்சு கல்லாக இறுகிக் கிடக்கிறது. எப்படிப் புரண்டாலும் வலிக்கிறது. நான் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த முதல் வருடம் வாங்கியது இது. அன்றிலிருந்து இதில்தான் படுத்திருக்கிறாள். பழைய வீட்டில் அதே அறையில் அடுத்த கட்டிலில் நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழேயிருந்து கூப்பிடுகிறாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம், வந்து திரையை இழுத்துவிட வேண்டுமாம். வருகிறேன் என்றேன். முதுகு நிமிரவில்லை.

மறுபடி கூப்பிடுகிறாள்.